பேய் அஞ்சும் பொருள்கள்: ‘விஞ்ஞான விளக்கங்கள்’ விஞ்ஞானமா?

பேய்க்கு இரும்பு ஆகாது, வேப்பிலை ஆகாது, செருப்பையும் துடைப்பத்தையும் கண்டால் ஓடிவிடும், திருநீறு பட்டால் நடுங்கும். புளியமரமும் முருங்கையும் அதன் இருப்பிடம். உச்சி வேளையும் நள்ளிரவும் அது உலவும் பொழுது. வாசகர்களே, இவையெல்லாம் நாம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே கற்றுக்கொண்ட பாடங்கள் அல்லவா? எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் அந்தி சாய்ந்த பிறகு கறிக்குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாத்திரத்தில் ஒரு கரித்துண்டைப் போட்டுத்தான் அனுப்புவார்கள். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இப்பழக்கங்கள் உண்டு.

நம்பிக்கையை நம்பிக்கையாகவே சொல்லும் பாட்டிமாரோடு இக்கட்டுரைக்கு வழக்கு ஒன்றும் இல்லை. வழக்கு வேறொருவரோடு. “நம் முன்னோர்கள் மூடர்கள் அல்லர், இவை ஒவ்வொன்றிலும் விஞ்ஞானம் பொதிந்து கிடக்கிறது” என்று மேடையிலும் விழா மலர்களிலும், இப்போது கைப்பேசிச் செய்திகளிலும் விளக்கம் தருகிறாரே, அவரோடு. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்த விளக்கங்கள் மாணவர் வாய் வழியாக ஆண்டுதோறும் வந்து சேர்கின்றன. “ஐயா, புளியமரம் இரவில் கரியமில வாயுவை விடுவதால்தானே அங்கே பேய் இருப்பதாகச் சொன்னார்கள்?” என்று கேட்கும் மாணவன் மூடநம்பிக்கையை விட்டுவிட்டதாகவே நினைக்கிறான். உண்மையில் அவன் ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்தப் பண்டமாற்றைச் சற்று உரசிப் பார்ப்போம்.

புளியமரத்தின் மூச்சு

செடிகொடிகள் இரவில் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? அந்தக் கேள்வியைக் கேட்காத விளக்கம் பாதி விளக்கமே.

ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு இரவில் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும். நன்கு வளர்ந்த ஒரு மரத்தின் இலைப்பரப்பை 400 சதுர மீட்டர் என்று கொள்வோம். கணக்கு மணிக்கு 40 கிராம் என்று வருகிறது. கிளைகளும் தண்டும் விடும் மூச்சுக்காக இதை இரட்டிப்பாக்கினாலும் 80 கிராம்தான். ஒரு மனிதன் ஒரு நாளில் சுமார் 1 கிலோகிராம், அதாவது மணிக்குச் சுமார் 40 கிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறான். ஆகவே அந்தப் பெரிய புளியமரம் இரண்டு ஆட்களுக்குச் சமம். திறந்த வெளியில் பக்கத்துக் கட்டிலில் இருவர் படுத்திருப்பதால் யாருக்காவது மூச்சு முட்டியது உண்டா?

காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவிகிதம் உள்ளது. தலைவலியும் மூச்சுத் திணறலும் தோன்ற அது சில சதவிகிதமாக, ஏறக்குறைய நூறு மடங்காக உயர வேண்டும். வீசும் காற்றில் அது நடவாத காரியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேப்பமரமும் இரவில் இதே வாயுவைத்தான் விடுகிறது. அதன் அடியிலோ நாம் கட்டிலைப் போட்டுத் தூங்குகிறோம்; அதன் இலையோ பேயை ஓட்டும் மருந்து. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் தொங்குவது நம் நாட்டில் முருங்கை மரத்தில். வடமொழிக் கதாசரித்சாகரத்தில் அது சிம்சுபா மரம். கதை ஊர் மாறியபோது மரமும் மாறியிருக்கிறது. முருங்கையின் சிறிய இலைகளை வைத்துக் கரியமில வாயுக் கணக்குப் போட முற்படுவோர் எவரும் இல்லை.

ஆனால் புளியமரத்தடியில் உறங்கியவன் நெஞ்சை ஏதோ அமுக்கியதாகச் சொன்னது பொய்யா? பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ‘அமுக்குவான் பேய்’ என்று நம்மவர் பெயரிட்ட அந்த அனுபவம் உலகம் முழுவதும் உண்டு. கனவு காணும் உறக்கத்தில் மூளை நம் கைகால் தசைகளை அசையாமல் நிறுத்தி வைக்கிறது. தசைகளுக்கு விடுதலை கிடைக்கும் முன்பே மனம் விழித்துக்கொண்டால் அசைய முடியாது. நெஞ்சில் பாரம் தெரியும். கனவின் மிச்சம் கண்முன் உருவமாக நிற்கும். மெத்தையில் படுத்தவனுக்கும் இது வரும். அனுபவத்தை ஆராய்ந்தவர்களுக்கு விடை கிடைத்தது. மரத்தை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரும்பும் காந்தமும்

அடுத்து இரும்பு. “இரும்பு காந்த சக்தியை ஈர்ப்பது, தீய அதிர்வுகளை அது பூமிக்குள் இறக்கிவிடும்” என்பது விளக்கம். அதிர்வு என்றால் எதன் அதிர்வு? விநாடிக்கு எத்தனை? எந்தக் கருவியால் அளந்தார்கள்? இம்மூன்றுக்கும் விடை சொன்னவர் இல்லை.

நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. சோதனைக்குச் செல்பவர் 15,000 காஸ் புலத்துக்குள் படுக்கிறார். இது பூமியின் புலத்தைப்போல் ஏறத்தாழ 37,000 மடங்கு. காந்தம் பேயை ஓட்டுமானால் எம்.ஆர்.ஐ. கூடத்தைவிடச் சிறந்த கோடாங்கி இருக்க முடியாது. தலைமாட்டில் கிடக்கும் ஆணியின் காந்த சக்தியோ ஒரு குண்டூசியைத் தூக்கவும் போதாது.

எங்கள் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் முக்கிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, இரும்பு துருப்பிடிப்பதும் அதைத் தடுப்பதும். ஈரமும் பிராணவாயுவும் உப்பும் இரும்பை என்ன செய்கின்றன என்று அங்கு எடையிட்டும் மின்னழுத்தம் அளந்தும் பார்க்கிறார்கள். அளந்து பார்த்தவர்களின் இரும்புக்கு அஞ்ச வேண்டிய பகைவர்கள் பலர் இருக்கிறார்கள். அதற்கு அஞ்சும் ஆவி ஒன்று அளவையில் அகப்பட்டதில்லை.

படித்தவர்கள் மதிக்கும் விளக்கம் ஒன்றும் உண்டு. ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் எட்வர்டு டைலர் 1871இல் வெளியிட்ட ‘ஆதிப் பண்பாடு’ என்ற நூலில், அரபு நாட்டு ஜின்னும் ஐரோப்பிய நாட்டுத் தேவதைகளும் இரும்புக்கு அஞ்சுவதை எடுத்துக்காட்டினார். இவை கற்காலத்து மக்களின் ஆவிகள், ஆகவே புதிதாக வந்த உலோகம் அவற்றுக்குப் பகையாயிற்று என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கற்காலத்து மக்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய பேய்கள் எதற்கு அஞ்சின என்று கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க வழியற்ற கருத்தை ஊகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே முறை.

புறநானூற்றில் ஒரு காவல்

எழுதி வைத்த சான்று நம்மிடமே உண்டு. போரில் புண்பட்ட வீரனைப் பேய் தீண்டாமல் மனைவியும் தோழியரும் காப்பதைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டுகிறார். வீட்டில் இரவ மரத்தின் இலையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள். யாழும் பிற வாத்தியங்களும் இசைக்கிறார்கள். ஐயவி எனும் வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள். குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்புகிறார்கள். 296ஆம் பாட்டிலும் வேம்பு, காஞ்சிப் பாட்டு, ஐயவிப் புகை ஆகிய மூன்றும் வருகின்றன. நற்றிணைப் பாட்டுகளில் பிள்ளை பெற்ற தாய்க்கு நெய்யும் ஐயவியும் அணிவிக்கிறார்கள்.

இங்கே நம் விளக்கக்காரர் துள்ளி எழுவார். “பார்த்தீர்களா? வேப்பிலை கிருமிநாசினி! புகை கொசுவை விரட்டும்! ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் கிருமியை அறிந்திருந்தான்!”

பொறுங்கள். வேப்பிலையில் பாக்டீரியாக்களைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வேப்பெண்ணெயில் பூச்சிகளை விலக்கும் அசாடிராக்டின் உள்ளது. இதில் ஐயமில்லை. ஆனால் அப்பட்டியலில் யாழ் ஏன் இருக்கிறது? மணி எந்தக் கிருமியைக் கொல்லும்? காஞ்சிப் பண்ணைக் கேட்டு எந்தப் பாக்டீரியா ஓடும்? பட்டியலை முழுவதும் படித்தால் காவல் காத்தவர்கள் எண்ணிய பகைவன் யார் என்பது விளங்கும். அவனுக்கு மூக்கு உண்டு, ஆகவே புகை. காது உண்டு, ஆகவே மணியும் பாட்டும். அது முழுக்க முழுக்கப் பேய்தான், கிருமி இல்லை. பத்துப் பொருளில் நமக்கு வசதியான ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஒன்பதை மறைத்துவிட்டால் எந்த நூலிலிருந்தும் எந்த விஞ்ஞானத்தையும் எடுத்துக்காட்டிவிடலாம்.

இன்னொரு செய்தி. இவ்விரு புறப்பாட்டுகளிலும் இரும்பு காப்புப் பொருளாக வரவில்லை. வேலும் வாளும் நிறைந்த காலம் அது. எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்விலும் இரும்புப் பொருள்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டு பாட்டில் இல்லாததால் அக்காலத்தில் அப்பழக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் “இரும்புக்குப் பேய் அஞ்சும் என்பது என்றென்றும் இருந்த நம்பிக்கை” என்று சொல்வோரிடம் சான்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இப்பாட்டுகளில் நான் மதிப்பது வேறொன்று. யாரைச் சுற்றிக் காவல் வைத்தார்கள் என்று பாருங்கள்: புண்பட்ட வீரன், பிள்ளை பெற்ற தாய். இருவர் உடலிலும் திறந்த புண் உண்டு. அன்று போரில் சாகாமல் வீடு திரும்பியவன் சில நாள் கழித்துச் சுரம் கண்டு இறந்தான். நல்லபடியாகப் பெற்றவள் ஒரு வாரத்தில் மடிந்தாள். ஆபத்து எங்கே, எந்த நாள்களில் வருகிறது என்பதை நம் முன்னோர் மிகச் சரியாகக் கண்டிருந்தார்கள். காரணம்தான் தெரியவில்லை. நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் அது குற்றமும் அல்ல. அவர்கள் கண்டதைப் பாராட்டுவோம். அவர்கள் காணாததையும் கண்டதாகச் சொல்லி அவர்கள் தலையில் நம் பெருமையைக் கட்ட வேண்டாம்.

வெயிலுக்கு அஞ்சிய பிரபு

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியது அன்று. மேல்நாட்டுக் ‘வாம்பயர்’ என்பதை நாம் இரத்தக் காட்டேரி என்கிறோம். வெயில் பட்டால் அது சாம்பலாகிவிடும் என்பது இன்று சிறுவருக்கும் தெரிந்த செய்தி. 1985இல் டேவிட் டால்ஃபின் என்ற வேதியியல் அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். போர்ஃபிரியா என்ற இரத்த சம்பந்தமான நோய் உண்டு. அதன் சில வகைகளில் வெயில் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். அந்நோயாளிகளைப் பார்த்தே இக்கதை எழுந்திருக்கலாம் என்றார். பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். 1725இலும் 1731-32இலும் செர்பிய கிராமங்களில் இறந்தவர் எழுந்து வந்து உயிர் வாங்குவதாகப் பீதி பரவியது. ஆஸ்திரிய அதிகாரிகளும் ராணுவ வைத்தியர்களும் நேரில் சென்று அறிக்கை எழுதினார்கள். அவற்றில் வெயிலில் வெந்த காட்டேரி இல்லை. புதைகுழியில் உப்பிய உடல், வாயோரத்தில் இரத்தம், உரிந்த தோலின் கீழ் புதிய தோல், கழுவை இறக்கியபோது முனகல் ஆகியவையே உள்ளன. உடல் அழுகும்போது இவையெல்லாம் நிகழும் என்பதைப் பிண ஆய்வு அறிந்தவர் எவரும் சொல்வர். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ நாவலிலும் அந்தப் பிரபு பகலில் நடமாடுகிறான். அவனது சக்திதான் அப்போது குறைகிறது. கண்ணாடியில் உருவம் தெரியாது என்பதைப் புகழ்பெறச் செய்ததும் அந்த நாவலே. வெயில் அவனைக் கொல்வது 1922இல் ஜெர்மனியில் வெளியான ‘நோஸ்ஃபெராட்டு’ திரைப்படத்தில்தான்.

ஆக, ஒரு சினிமாவின் கடைசிக் காட்சிக்கு நோயியல் விளக்கம் தேடியிருக்கிறார்கள். “ஏன்?” என்று கேட்கும் முன் “எப்போதிலிருந்து?” என்று கேட்டிருந்தால் இந்தச் சிரமம் மிஞ்சியிருக்கும்.

பலவீனம் ஏன் தேவைப்படுகிறது?

கதையில் பேய்க்குப் பலவீனம் இருந்தே ஆகவேண்டும். எதற்கும் அஞ்சாத பேயை வைத்துக் கதை சொல்ல முடியாது. பேயோட்டியும் பிழைக்க முடியாது. பழையனூர் நீலி கதையை நினைத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க நீலி பேயாக வருகிறாள். இப்பிறவியில் அவன் ஒரு வணிகன். கையில் மந்திர வாள் இருப்பதால் அவள் நெருங்க முடியவில்லை. ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணீர் விட்டபடி ஊர்ச்சபைக்கு வருகிறாள். “என் கணவர் என்னைக் கொன்றுவிடுவார், அந்த வாளை வாங்கிவிடுங்கள்” என்கிறாள். சபையோர் எழுபது வேளாளர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து வாளை வாங்குகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீப்புகுந்தனர் என்கிறது கதை. ‘நீலிக் கண்ணீர்’ என்ற வழக்கு இதிலிருந்து வந்ததே.

இங்கே வாளின் வேலை என்ன? அது இருக்கும்வரை நீலி காத்திருக்க வேண்டும். அதை நீக்க அவள் சபைக்கு வர வேண்டும். சபை தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பது பற்றிய கதை இது. அதற்கு வாசலாக ஒரு வாள் தேவைப்பட்டது. அந்த வாளின் உலோகத்தைச் சோதனைச்சாலைக்கு எடுத்துச் செல்வது, பாட்டின் பொருளை அறிய ஏட்டின் எடையைப் பார்ப்பது போலாகும்.

சமயங்களும் இப்படியே தத்தம் அடையாளங்களைப் பட்டியலில் சேர்த்தன. நம் கோயிலில் பேய் திருநீற்றுக்கு அஞ்சுகிறது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் சிலுவைக்கு அஞ்சுகிறது. தர்காவில் ஓதுதலுக்கு அஞ்சுகிறது. ஈர்ப்பு விசை எல்லா ஊரிலும் ஒன்றே. பேயின் அச்சமோ பிடிக்கப்பட்டவரின் சமயத்தைப் பொறுத்து மாறுகிறது. இது பேயைப் பற்றி அன்று, நம்புகிறவரைப் பற்றி நமக்குச் சொல்லும் உண்மை.

இதனால் யாருக்கு நஷ்டம்?

“சரி, யாரோ ஏதோ விளக்கம் சொல்லிவிட்டுப் போகட்டுமே, நஷ்டம் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உயிர்களில் இருக்கிறது.

பிறந்து சில நாள் நன்றாகப் பால் குடித்த சிசு திடீரெனப் பால் மறுக்கும், தாடை இறுகும், உடல் வில்லாக வளையும். இதைப் பேய்ப்பிடி என்று நினைத்ததில் வியப்பில்லை. இது ரணஜன்னி. இதன் கிருமியை 1889இல் ஜப்பானிய அறிஞர் கிடாசாட்டோ பிரித்தெடுத்தார். அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. வீட்டில் கிடந்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்தால் அவை உள்ளே புகும். பேயை விரட்ட வைத்த இரும்பே எமனை அழைத்து வரக்கூடும் என்பதே இதன் கொடுமை. ஒருகாலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் சிசுக்களுக்கு இந்நோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான கத்தி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றால் அது அருகி, 2015இல் சிசு ரணஜன்னி இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக அந்நிறுவனம் சான்றளித்தது. வேப்பிலையும் இரும்பும் ஈராயிரம் ஆண்டு காவல் இருந்தும் செய்ய முடியாததை ஓர் ஊசி சில பத்தாண்டுகளில் செய்தது. “எல்லாம் முன்பே விஞ்ஞானம்தான்” என்பவர், அந்த ஊசி தேவையில்லை என்று சொல்ல இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்.

மனநோயாளிகளின் கதையும் இதுவே. பேய் பிடித்தவர் என்று அழைத்துச் செல்லப்பட்டவர்களுள் பலர் சிகிச்சையால் தேறக்கூடிய நோயாளிகள். 2001 ஆகஸ்டு 6 அன்று, எங்களுக்கு அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்துள்ளது. வீட்டில் ஒருவர் காரணமின்றி நடுங்கினாலோ, இல்லாத குரலைக் கேட்டாலோ 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் காணலாம். கோயிலுக்குப் போவதானாலும் மருத்துவரையும் பாருங்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டுமானால் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாணவர்களே, ‘விஞ்ஞான விளக்கம்’ என்ற பெயரில் எது வந்தாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வழக்கம் எப்போதிலிருந்து இருக்கிறது? இதனுடன் சேர்ந்த மற்றப் பொருள்களுக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறதா? அளவிட்டால் கணக்கு ஒத்துவருகிறதா? புளியமரம் மூன்றாவதில் தோற்றது, வேப்பிலை இரண்டாவதில், வெயில் முதலாவதில்.

இந்தத் துணிவு மேல்நாட்டிலிருந்து கடன் வாங்கியதும் அன்று. மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவன் இடுகாட்டில் கூத்தாடும் பேயைக் கண்டு அலறி ஓடி, தாயிடம் வந்து உயிர் விடுகிறான். பேய் என் மகன் உயிரை உண்டதே என்று தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேய்கள் உயிரை உண்பதில்லை என்று தெய்வம் அவளுக்கு மறுமொழி கூறுகிறது. அவனுடைய பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை உயிரைக் கொண்டுபோயிற்று என்கிறது. ஊழ்வினை பற்றி நாம் வேறு கருத்துக் கொள்ளலாம். ஆனால் பேய் நிறைந்த இடுகாட்டின் நடுவில் நின்றுகொண்டு, கொன்றது பேயன்று, வேறு காரணம் தேடு என்று சொல்ல ஒரு தமிழ்க் காப்பியத்துக்கு முடிந்திருக்கிறது. தேடும் வேலை நம்முடையது.